மூல ஓலை யாரிடம் இருக்கிறது?

பட்டிமன்றத் தலைப்பு: ஆவணங்களைத் தொலைத்துவிட்டு மக்கள் அவதிப்படப் பெரிதும் காரணம் அவர்களது அலட்சியமா? அலுவலகங்களின் அலைக்கழிப்பா?

நடுவர்: ‘தாலியைப் பத்திரமா வெச்சுக்கிற நமக்குத் தாசில்தார் கொடுத்த தாளைப் பத்திரமா வெச்சுக்கத் தெரியலையே’ன்னு அந்த அம்மா ஒரு போடு போட்டுட்டுப் போயிருக்காங்க. அதுக்குப் பதில் சொல்லணும்னு செவ்வாப்பேட்டையில மின்சார ரயில் ஏறி வந்திருக்கிறார் அடுத்த பேச்சாளர். ‘அலைக்கழிப்பே’ என்று பேச அவரை அழைக்கிறேன். வாங்கய்யா! (கைத்தட்டல்)

மதிப்பிற்குரிய நடுவர் அவர்களே! எதிரணியில் வீற்றிருக்கும் சான்றோர்களே! என் அணித் தோழர்களே! அரங்கம் நிறைந்த பெரியோர்களே, தாய்மார்களே! வீட்டில் தொலைக்காட்சிப் பெட்டிக்கு முன்னால் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டே எங்கள் பேச்சையும் கேட்டுக்கொண்டிருக்கும் சகோதரிகளே!

நடுவர் ஐயா, எதிரணி அம்மா பேசினதுல எனக்கு ஒரு வருத்தமும் இல்லீங்க. அவங்க சொன்னது உண்மை. எங்க வீட்டையே எடுத்துக்குங்க. இருபது வருஷத்துக்கு முந்தின கல்யாணப் பத்திரிகை பத்திரமா இருக்கு. யாரு எவ்வளவு மொய் வெச்சாங்கங்கிற நோட்டு அதைவிடப் பத்திரமா இருக்கு. (சிரிப்பு) ஆனா பையனோட பிறப்புச் சான்றிதழ் எங்கேன்னு கேட்டா, ‘பீரோ மேல பாருங்க, அரிசி டின்னுக்குப் பின்னால பாருங்க, உங்க அம்மாவைக் கேளுங்க’ன்னு பதில் வருது. ஆக, அலட்சியம் உண்டு. ஒப்புக்கறேன்.

ஆனா தலைப்பு என்ன சொல்லுது? அவதிக்குப் ‘பெரிதும் காரணம்’ எதுன்னு கேக்குது. காகிதம் தொலையறது ஒரு நாள் கதை. தொலைஞ்ச காகிதத்தைத் திரும்ப வாங்கறதுதான் வருஷக் கதை! (கைத்தட்டல்)

சரி, எல்லாரும் அலட்சியத்துலதான் தொலைக்கிறாங்களா? 2015 டிசம்பர் மாசம். அந்த மழையை இங்கே இருக்கிற யாரும் மறந்திருக்க மாட்டீங்க. சென்னை, காஞ்சிபுரம், திருவள்ளூர், கடலூர்னு நாலு மாவட்டம் தவிச்சுது. எங்க வீட்டுக்குள்ள ராத்திரி தண்ணி வந்துச்சு. கட்டிலுக்குக் கீழ டிரங்குப் பெட்டி. அதுலதான் குடும்பத்தோட ஜாதகம் மொத்தமும் இருந்துச்சு. காலையில பெட்டியைத் திறந்தா, உள்ளே காகிதக் கூழ். எங்க அம்மா ஒவ்வொரு தாளா பிரிச்சு, துணி காயப்போடற கொடியில கிளிப்பு மாட்டித் தொங்கவிட்டாங்க. ஒரு பக்கம் ரேஷன் கார்டு. அதுக்கு வருஷா வருஷம் ஒட்டின உள்தாள் எல்லாம் தனித்தனியா கழண்டு தோரணமா தொங்குது. பக்கத்துல என் பொண்ணோட பிறப்புச் சான்றிதழ். பேர் தெரியுது, முத்திரை தெரியுது, பதிவு எண் இருந்த இடத்துல மட்டும் நீலக் கறை. மழைக்கு என்ன அலட்சியம் தெரியும், அம்மா?

அதை எடுத்துக்கிட்டு ஒரு அலுவலகத்துக்குப் போனேன். எந்த அலுவலகம்னு சொல்ல மாட்டேன். நாளைக்கும் நான் அங்கே போகணும். (சிரிப்பு) ‘வெள்ளத்துல பாழாயிடுச்சு, புதுசு வேணும்’னேன். ‘பதிவு எண் சொல்லுங்க’ன்னார். ‘அது அழிஞ்சதாலதாங்க வந்திருக்கேன்’னேன். ‘எண் இல்லாம எப்படிங்க தேடறது? ஒரிஜினலைக் கொண்டாங்க, டூப்ளிகேட் தர்றேன்’னார். (பலத்த சிரிப்பு) நடுவர் ஐயா, ஒரிஜினல் இருந்தா எனக்கு எதுக்குங்க டூப்ளிகேட்?

அந்த மனுஷர் மேல எனக்குக் கோபம் இல்லை. ஆனா சட்டம் என்ன சொல்லுதுன்னு அப்புறம் தெரிஞ்சுக்கிட்டேன். 1969-ல வந்த பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டத்துல 17-வது பிரிவு. பதிவேட்டுல ஒரு பதிவைத் தேடச் சொல்லி யார் வேணும்னாலும் கேட்கலாம்; தேடிப் பார்த்து அதோட நகலைக் கொடுக்கணும். எத்தனை வருஷத்துப் பதிவேட்டைப் புரட்டணுமோ அத்தனை வருஷத்துக்கும் தேடுதல் கட்டணம் வாங்கிக்கலாம்னு விதியும் இருக்கு. எண் தெரிஞ்சவனுக்கு எதுக்குங்க வருஷக் கணக்குல தேடுதல் கட்டணம்? எண் தெரியாம வர்றவனுக்காகத்தானே அந்தச் சட்டத்தையே எழுதியிருக்காங்க! (கைத்தட்டல்)

இந்த இடத்துல சேக்கிழாரைக் கூப்பிடறேன். நம்ம பக்கத்துக் குன்றத்தூர்க்காரர். பெரிய புராணத்துல சுந்தரர் கதை எல்லாருக்கும் தெரியும். புத்தூர்ல கல்யாணம். எங்க ஊருக்கு அடுத்த ஸ்டேஷன் புட்லூர் இல்லீங்க, இது வேற. மாப்பிள்ளை கோலத்துல நம்பி ஆரூரர் உட்கார்ந்திருக்கார். ஒரு கிழவர் குடையும் தடியுமா வர்றார். ‘இந்தப் பையன் எனக்கு அடிமை. இவன் பாட்டன் எழுதிக் கொடுத்த ஓலை இருக்கு’ங்கறார். நம்பிக்கு வந்துதே கோபம்! துரத்திப் பிடிச்சு, ஓலையைப் பிடுங்கி, கிழிச்சே போட்டுட்டார்.

பாருங்க, ஆவணம் போச்சு. சேதமடைஞ்ச ஆவணம்! வழக்கு திருவெண்ணெய்நல்லூர் சபைக்குப் போகுது. அந்தச் சபையார், ‘கிழிஞ்ச ஓலையோட வராதே, போய் ஒரிஜினல் கொண்டா’ன்னு துரத்தினாங்களா? இல்லை. வழக்கத்துல இருக்கறதைக் காட்டு, இல்லேன்னா எழுத்தைக் காட்டு, அதுவும் இல்லேன்னா அயலார் சாட்சியைக் காட்டுன்னு கேட்டாங்க. மூணு வழி! ஆவணம்கிறது மூணுல ஒண்ணுதான். அப்பத்தான் கிழவர் சொல்றார், ‘இவன் கிழிச்சது படி ஓலை. மூல ஓலை என்கிட்ட இருக்கு’ன்னு. சபையார் அதை வாங்கி, பாட்டனார் கையெழுத்தை வேற ஓலையோட ஒப்பிட்டுப் பார்த்துத்தான் தீர்ப்புச் சொன்னாங்க.

நடுவர் ஐயா, என் வாதம் மொத்தமும் இதுக்குள்ள அடக்கம். நம்ம பீரோவுல இருக்கிற சான்றிதழ் படி ஓலை. மூல ஓலை யாரிடம் இருக்கு? அலுவலகத்து அலமாரியில இருக்கு! பிறப்புப் பதிவேடு, வாக்காளர் பட்டியல், பாஸ்போர்ட் கோப்பு எல்லாமே அவங்ககிட்ட இருக்கு. படியைத் தொலைச்சவனைப் பார்த்து, மூலத்தை வெச்சிருக்கிறவர், ‘நீ யாருன்னு நிரூபி’ங்கறார். இது நியாயமா? (பலத்த கைத்தட்டல்)

‘ஒரு காகிதத்துக்கு எதுக்கு இவ்வளவு ஆர்ப்பாட்டம்’னு எதிரணி ஐயா கேட்டார். ஐயா, நம்ம நாட்டுல குடிமகன்னு அச்சடிச்சு ஒவ்வொருத்தருக்கும் ஒரு அட்டை கொடுக்கலை. ஆதார் குடியுரிமைக்குச் சான்று இல்லைன்னு ஆதார் சட்டமே சொல்லுது. அப்ப எதை வெச்சுக் குடிமகன்? எங்கே, எப்போ பிறந்தீங்கங்கறதை வெச்சு. 1950 ஜனவரி 26-லிருந்து 1987 ஜூன் 30 வரைக்கும் இந்த மண்ணுல பிறந்திருந்தா, பொதுவா நீங்க பிறப்பால குடிமகன். 1987 ஜூலை 1-ம் தேதி பிறந்தா, அப்பா அம்மாவுல ஒருத்தராவது குடிமகனா இருக்கணும். 2004 டிசம்பர் 3-லிருந்து பிறந்தவங்களுக்கு நிபந்தனை இன்னும் கூடிப்போச்சு. ஒரு ராத்திரி முன்னே பின்னே பிறந்தா சட்டம் மாறுது. அந்தத் தேதியைச் சொல்ற காகிதம் சாதாரணக் காகிதமா?

ஒரு பொண்ணோட வழக்கு பத்திரிகையில எல்லாம் வந்துச்சு. இலங்கையிலிருந்து வந்த பெற்றோருக்கு 1986-ல மண்டபத்துல பிறந்தவங்க. வளர்ந்தது வாழ்ந்தது எல்லாம் தமிழ்நாட்டு அகதி முகாம்ல. பாஸ்போர்ட் கேட்டாங்க, கிடைக்கலை. உயர் நீதிமன்றத்தோட மதுரைக் கிளைக்குப் போனாங்க. மண்டபத்துல பிறந்ததுக்குச் சான்றிதழ் இருந்துச்சு. தேதி 1987-க்கு முன்னே. 2022-ல பாஸ்போர்ட் கொடுக்கச் சொல்லித் தீர்ப்பு. 2024 நாடாளுமன்றத் தேர்தல்ல, முப்பத்தெட்டு வயசுல, முதல் ஓட்டுப் போட்டாங்க. அந்த ஒரு சான்றிதழைக் கறையான் அரிச்சிருந்தா? அரிச்சிருந்தா என்ன, மூலப் பதிவு அலுவலகத்துல இருக்குமே, அதைத் தேடி எடுத்துக் கொடுக்கறதுக்கு ஒரு மனுஷன் இருந்திருக்கணுமேங்கறதுதான் என் கவலை.

எங்க திருவள்ளூர் மாவட்டத்துலயே கும்மிடிப்பூண்டியில இலங்கைத் தமிழர் முகாம் இருக்கு. தொழிற்பேட்டைக்கு வேலைக்குப் போறவங்க அந்த முகாமைத் தாண்டித்தான் போவாங்க, உள்ளே யாருன்னு பார்க்க நேரம் இருக்காது. தமிழ்நாட்டு முகாம்கள்ல இருக்கிறவங்கள்ல பல ஆயிரம் பேர் மலையகத் தமிழர்கள். இங்கேயிருந்து தேயிலைத் தோட்டத்துக்குக் கூட்டிக்கிட்டுப் போன கூலி மக்களோட பேரன் பேத்திகள். அவங்க கதையைக் கேட்டா அலட்சியம்கிற வார்த்தையை எதிரணி வாபஸ் வாங்கிக்கும்.

1948-ல இலங்கையில குடியுரிமைச் சட்டம் போட்டாங்க. ‘உங்க அப்பா இங்கேதான் பிறந்தார்னு காட்டு, இல்லேன்னா பாட்டனும் பூட்டனும் இங்கே பிறந்தாங்கன்னு காட்டு.’ லயத்து அறையில பிறந்த கூலிக்காரக் குழந்தைக்கு யாருங்க சான்றிதழ் கொடுத்தது? கொழுந்துக் கூடையை எடை போட்டவங்க குழந்தையைக் கணக்குல எழுதலையே! காட்ட முடியலை. லட்சக்கணக்கான பேர் ஒரே சட்டத்துல நாடு இல்லாதவங்க ஆயிட்டாங்க. 1964 அக்டோபர்ல சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தம். 9,75,000 பேரை ரெண்டு நாடும் பங்கு போட்டாங்க. 5,25,000 இந்தியாவுக்கு, 3,00,000 இலங்கைக்கு, மிச்சம் 1,50,000 அப்புறம் பேசிக்கலாம்னாங்க. 1974-ல இந்திரா காந்தி காலத்துல அந்த மிச்சத்தையும் பாதி பாதியா பிரிச்சாங்க. தேங்காய் மூடியைப் பிரிக்கிற மாதிரி மனுஷனைப் பிரிச்சாங்கய்யா!

அந்த மக்களோட பெட்டியைக் கொஞ்சம் நினைச்சுப் பாருங்க. விண்ணப்பம் போட்ட ரசீது, தோட்டத்துச் சீட்டு, கண்டியில இந்தியத் தூதரக அலுவலகம் கொடுத்த காகிதம். 1977-ல கலவரம், வவுனியாப் பக்கம் ஓடினாங்க. 1983-ல மறுபடியும் கலவரம், வீடு எரிஞ்சுது. 1984-ல தலைமன்னார் - ராமேஸ்வரம் கப்பலும் நின்னுபோச்சு. மீன்பிடிப் படகுல ராத்திரியில கடல் தாண்டி வந்தாங்க. குழந்தையைத் தூக்கிக்கிட்டு அலையில இறங்கற தாய்கிட்ட, ‘ஏம்மா, லேமினேஷன் பண்ணி வைக்கலை?’ன்னு கேட்பீங்களா? (நீண்ட கைத்தட்டல்)

இது நம்ம பக்கத்துக் கதை மட்டும் இல்லை. இங்கிலாந்துக்கும் போய்ப் பாருங்க. அதே 1948-ல ‘எம்பயர் விண்ட்ரஷ்’னு ஒரு கப்பல், கரீபியத் தீவுகள்லேர்ந்து ஆட்களை ஏத்திக்கிட்டு இங்கிலாந்துக்கு வந்துச்சு. அதுக்கப்புறமும் பல வருஷம் ஆட்கள் வந்தாங்க. பஸ் ஓட்டினாங்க, ஆஸ்பத்திரியில நர்ஸ் வேலை பார்த்தாங்க. அறுபது வருஷம் கழிச்சு, ‘நீ எப்ப வந்தே? வருஷத்துக்கு வருஷம் சான்று காட்டு’ன்னு அரசாங்கம் கேட்டுது. அவங்க கப்பல்ல வந்து இறங்கினதுக்கான அட்டைகள் அரசாங்கத்துகிட்டதான் இருந்துச்சு. அதை 2010-ல அரசாங்கமே அழிச்சுடுச்சு! மூல ஓலையை அவங்களே கிழிச்சுட்டு, படி ஓலை எங்கேன்னு கிழவனைக் கேட்டாங்க. வேலை போனவங்க உண்டு, நாடு கடத்தப்பட்டவங்களும் உண்டு. 2018-ல பிரதமரே மன்னிப்புக் கேட்க வேண்டியதாப் போச்சு. இப்பச் சொல்லுங்க, அலட்சியம் யார் பக்கம்?

‘குறை சொல்றியே, வழி சொல்லு’ன்னு நடுவர் ஐயா பார்க்கறார். சொல்றேன். வழி ஏற்கெனவே ரெண்டு தடவை நடந்து காட்டியிருக்கு.

ஒண்ணு, 2003. இலங்கை நாடாளுமன்றம் ஒருமனதா ஒரு சட்டம் போட்டுது. 1964 அக்டோபர் 30-லிருந்து அந்த நாட்டுல நிரந்தரமா வாழற இந்திய வம்சாவளியினர், அவங்க சந்ததியினர், எல்லாரும் குடிமக்கள். பழைய காகிதம் இல்லாதவங்க ஒரு உறுதிமொழியில கையெழுத்துப் போட்டாப் போதும். அலுவலர்களும் தொண்டர்களும் தோட்டம் தோட்டமா மேஜை போட்டு உட்கார்ந்தாங்க. ஐ.நா. அகதிகள் ஆணையம் சொன்ன கணக்கு: பத்தே நாள்ல சுமார் 1,90,000 பேர் குடியுரிமை வாங்கினாங்க. ஐம்பத்தஞ்சு வருஷமாத் தீராதது பத்து நாள்ல தீர்ந்துச்சு! சேக்கிழார் சொன்ன சபை மாதிரி, ஓலை இல்லேன்னா வாழ்ந்த வாழ்க்கையைச் சாட்சியா எடுத்துக்கிட்டாங்க. 2009-ல அந்தச் சட்டத்தைத் திருத்தி, நம்ம முகாம்கள்ல இருந்தவங்களுக்கும் வழி திறந்தாங்க. மக்கள் திடீர்னு திருந்திட்டாங்களா? இல்லை. அலுவலகம் எழுந்து மக்கள்கிட்ட வந்துச்சு. அவ்வளவுதான்.

ரெண்டாவது, நான் சொன்ன அதே 2015 டிசம்பர். வெள்ளம் வடிஞ்சதும் தமிழக அரசு இந்த நாலு மாவட்டத்துலயும் சிறப்பு முகாம் போட்டுது. ரேஷன் கார்டு, பட்டா, பள்ளிச் சான்றிதழ், வாக்காளர் அட்டை எல்லாத்துக்கும் ஒரே இடத்துல மனு, கட்டணம் கிடையாது. வெள்ளத்துல பாழான பாஸ்போர்ட்டுக்குப் பதிலா கட்டணம் இல்லாமலே புதுசு கொடுப்போம்னு மத்திய அரசும் சொல்லிச்சு. நானும் போனேன். மேஜைக்கு அந்தப் பக்கம் ஒரு அம்மா. பதிவு எண் கேக்கலை. ‘பொண்ணு பிறந்த தேதி சொல்லுங்க, எந்த ஆஸ்பத்திரி, தாயார் பேர் என்ன?’ மூணே கேள்வி. எழுதிக்கிட்டாங்க. நாலாவது நாள் சான்றிதழ் வந்துடுச்சு. அதே பதிவேடு, அதே பக்கம், அதே எண். தேடணும்னு ஒருத்தர் நினைச்சதும் கிடைச்சுடுச்சு! (கைத்தட்டல்)

வெள்ளம் வந்தா நாலு நாள். வெள்ளம் வராட்டி நாலு மாசம். அப்ப நாங்க என்ன, வருஷா வருஷம் வெள்ளம் வரணும்னா வேண்டிக்கறது? (பலத்த சிரிப்பு)

மணி அடிக்கப் போறீங்க, ஐயா. தாய்மார்களுக்கு மட்டும் நாலு வார்த்தை. நான் எதிரணிக்கு எதிரியே தவிர, எச்சரிக்கைக்கு எதிரி இல்லை. வீட்டுல ஒரு நோட்டுப் போடுங்க. ஒவ்வொருத்தர் பேருக்கும் நேரா பதிவு எண், பதிவான தேதி, பதிவு செஞ்ச அலுவலகம், இந்த மூணையும் எழுதுங்க. அதுல ஒரு நகலை வெளியூர்ல இருக்கிற தங்கச்சி வீட்டுல கொடுத்து வையுங்க. சான்றிதழைச் செல்போன்ல படம் எடுத்து வையுங்க. குழந்தை பிறந்தா இருபத்தொரு நாளுக்குள்ள பதிவாச்சான்னு பாருங்க, பேரையும் தள்ளிப்போடாமச் சேருங்க. 2023 அக்டோபர் 1-லிருந்து பிறக்கிற பிள்ளைக்குப் பள்ளிக்கூடம், பாஸ்போர்ட் எல்லாத்துக்கும் பிறந்த தேதிக்கு ஆதாரம் அந்தப் பிறப்புச் சான்றிதழ்தான். பிறப்பே பதிவாகாத பெரியவங்க வீட்டுல இருந்தா, ‘பதிவு இல்லை’ன்னு எழுத்துல ஒரு சான்று வாங்கி, தாமதப் பதிவுக்கு மனுப் போடலாம். சட்டத்துல வழி இருக்கு. ‘எண் இல்லாம முடியாது’ன்னு யாராவது சொன்னா, மரியாதையா, சிரிச்ச முகத்தோட, ‘ஐயா, 17-வது பிரிவு’ன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. (கைத்தட்டல்)

முடிக்கிறேன். என்னைவிட என் மாவட்டம் வயசுல சின்னது, ஐயா. 1997-லதான் செங்கல்பட்டைப் பிரிச்சுத் திருவள்ளூர் மாவட்டத்தை உண்டாக்கினாங்க. என் சான்றிதழ்ல செங்கல்பட்டுன்னு இருக்கும், என் பொண்ணோடதுல திருவள்ளூர்னு இருக்கும். நான் வீடு மாறலை, ஊர் மாறலை, மாவட்டம்தான் மாறுச்சு. மாவட்டம் மாறலாம், முத்திரை மாறலாம், தாள் நனையலாம், எரியலாம். அந்தத் தாள்ல பேர் எழுதப்பட்ட மனுஷன் மாறலை. உயிரோட எதிர்ல நிக்கறான்!

அவன் படி ஓலையைத் தொலைச்சது பிழையா இருக்கலாம். மூல ஓலையைக் கையில வெச்சுக்கிட்டு, அதைத் திறந்து பார்க்காம ‘நீ யார்?’னு அவனையே கேக்கறது அதைவிடப் பெரிய பிழை. ஆகவே மக்கள் படும் அவதிக்குப் பெரிதும் காரணம் அலுவலகங்களின் அலைக்கழிப்பே, அலைக்கழிப்பே என்று கூறி முடிக்கிறேன். (நீண்ட கைத்தட்டல்)